துளி போகட்டும், பலகை இருக்கட்டும்

பெருநாள் நெருங்கினால் காலிக் கோட்டையின் பழைய வீடுகளில் பெயின்ட் மணம் வீசத் தொடங்கிவிடும். சுவர்கள் புதுப்பொலிவு பெறும். எங்கள் வீட்டைப் போல மேல்மாடியில் பலகைத் தரை உள்ள வீடுகளிலோ, சுவருக்கு வந்த அழகோடு தரைக்கு ஒரு கவலையும் வந்து சேரும்.

சென்ற நோன்புப் பெருநாளுக்கு முன் அப்படித்தான் நடந்தது. விரித்திருந்த பத்திரிகைக் கடதாசிகள் விலகிய இடமெல்லாம் வெள்ளைத் துளிகள். நாங்கள் கவனிக்கும்போது அவை நன்றாகக் காய்ந்துவிட்டிருந்தன.

"மெஷின் ஒண்ட வாடகைக்கு எடுத்து முழுத் தரையையும் உரஞ்சி, புதுசா வார்னிஷ் அடிப்பம்" என்றார் நானா.

உம்மும்மா ஒன்றும் பேசவில்லை. அது பலாப் பலகை. மஞ்சளாக இருந்த மரம் காலம் போகப் போகச் சிவந்து கபில நிறமாகியிருக்கிறது. மெழுகு பூசி, தேங்காய் மட்டையால் தேய்த்துத் தேய்த்து அந்த மினுக்கத்தைக் கொண்டுவந்தவர் அவர். ஜன்னலோரம் அவர் தொழும் இடத்தில் பலகை சற்றே தேய்ந்திருக்கும். மெஷின் ஓடினால் அந்த அடையாளமும் தூசாகிவிடும்.

"எனக்கு மூன்று நாள் தாருங்கள்" என்று கேட்டேன்.

சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் ஈரமாக இருக்கும்வரை ஈரத்துணியாலேயே துடைத்துவிடலாம். நீர் ஆவியானதும் அதிலுள்ள பல்பகுதியத் துணிக்கைகள் ஒன்றிணைந்து படலமாகிவிடும். பிறகு அது நீரில் கரையாது. ஸ்பிரிட் அந்தப் படலத்தை இளக்கும். ஆனால் பழைய பலகைகளுக்குப் பூசும் அரக்கு மெருகும் ஸ்பிரிட்டில்தான் கரைகிறது. டேர்ப்பன்டைன் மெழுகைக் கரைக்கும். தின்னர் மெருகையே கழற்றிவிடும். பெயின்டைப் போக்குவது எது என்று மட்டும் கேட்டால் போதாது. அதற்குக் கீழே இருப்பது எதில் கரையும் என்றும் கேட்க வேண்டும். இரசாயனவியல் பாடத்தில் படித்த கரைப்பான்கள் எங்கள் வீட்டுத் தரையிலேயே வந்து நின்றன.

அலுமாரிக்கு அடியில், யார் கண்ணிலும் படாத மூலையில், பஞ்சில் தொட்ட ஸ்பிரிட்டை வைத்துப் பார்த்தேன். பஞ்சு தேன் நிறமானது. மெருகு கரைகிறது! ஸ்பிரிட் போத்தலை மூடிவிட்டேன். வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் நனைத்து நன்கு பிழிந்த துணியைத் துளியின்மேல் மட்டும் சில நிமிடங்கள் வைத்தேன். ஈரம் அதிக நேரம் தங்கினால் அரக்கு மெருகு வெளுத்துவிடும். இளகிய துளியின் விளிம்பில் பழைய வங்கி அட்டையை நுழைத்து, மரத்தின் இழை ஓடும் திசையில் மெதுவாகத் தள்ளினேன். மீன் செதிள் போலக் கழன்று வந்தது. கத்தியையும் நாணயத்தையும் கையில் எடுக்கவில்லை. உடனே உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு மெழுகு பூசினேன்.

ஜன்னலடியில் வேறு சில பச்சைத் துளிகள் இருந்தன. உம்மும்மா சிறுமியாக இருந்த காலத்து எனாமலாம். பழைய எனாமலில் ஈயம் கலந்திருக்கலாம். இலங்கையில் பெயின்டிலுள்ள ஈயத்துக்கு உச்ச அளவு நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். உலர்ந்த பெயின்டை உரஞ்சினால் ஈயம் தூசாகப் பறக்கும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நானாவின் மகனுக்கோ தவழும் வயது. இதைச் சொன்னதும் நானா மெஷின் பேச்சையே விட்டுவிட்டார். பச்சைத் துளிகளை நானும் தொடவில்லை.

வேலை நடந்த நாளில், லுஹருக்கு முன் பெயின்ட் பாஸ் கிணற்றடியில் நின்று தேங்காய் எண்ணெய் தேய்த்து விரல்களைச் சுத்தம் செய்ததைப் பார்த்திருந்தேன். மருதாணி வெறும் நிறம்; வுழூவுக்குத் தடையில்லை. பெயின்ட் படலமோ நீரைத் தோலில் படவிடாது. அதனால் ஒவ்வொரு விரலாகத் தேய்த்தார். பெயின்ட் போனது, தோலில் ஒரு கீறலும் இல்லை. தரையில் குனிந்திருந்த மூன்று நாளும் அந்தக் கைகள்தாம் என் நினைவில் இருந்தன.

பலகை இடுக்குகளில் நான்கைந்து வெள்ளைத் துளிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றையும் எடுக்கப் போனபோது உம்மும்மா தடுத்தார்.

"அது கெடக்கட்டும் மகள். இதும் வீடுதானே."