தானாக மேலே வராத பெடல்

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில், தீவனூர் அருகே அந்தப் பழைய கார் குலுங்கி நின்றது. மார்கழி மாதம். மணி நாலே முக்கால். ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். பின் சீட்டில் அவருடைய அம்மா. திண்டிவனத்தில் கண் பரிசோதனை முடித்துவிட்டு மேல்சித்தாமூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

மகன் காலால் அழுத்திப் பார்த்தார். கிளட்ச் பெடல் பாதியில் மாட்டிக்கொண்டிருந்தது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை.

பதினைந்து நாளாகவே அந்தப் பெடல் சரியில்லை. அழுத்தினால் போகும், காலை எடுத்தால் கடைசி ஓர் அங்குலம் மேலே வராமல் தொங்கும். அவர் ஷூவின் நுனியால் அதைக் கொக்கி போட்டுத் தூக்கிவிடுவார். நாலு நாளில் அது பழக்கமாகிவிட்டது. 'ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்' என்று இரண்டு ஞாயிறுகளைக் கடத்திவிட்டார்.

கார் நின்றதைவிட, மணிதான் அவரைப் பதற வைத்தது. மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இருக்கும் ஊர். பார்சுவநாதர் கோயிலும், பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கிய மலைநாதர் கோயிலும் அங்கேதான். சமணக் குடும்பங்களில் பெரியவர்கள் பலர் பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. இருட்டில் சிற்றுயிர்கள் உணவில் விழுந்து சாகக்கூடாது என்பது அதற்குச் சொல்லும் காரணம். அந்த அம்மாவும் அப்படித்தான். ஆனால், அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. சாயங்காலச் சாப்பாடு தவறினால், மறுநாள் காலை வரை வெறும் வயிறு. மார்கழியில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும்.

"பதறாதப்பா. நேரமாயிட்டா ஒரு நாள் உபவாசம்னு நெனச்சிக்கிறேன்" என்றார் அம்மா. அது மகனை இன்னும் பதற வைத்தது.

இரண்டு பேர் கை கொடுத்துத் தள்ள, கார் ஒரு மெக்கானிக் கடை வாசலுக்கு வந்தது. மெக்கானிக் சீட்டைப் பின்னால் தள்ளி, மிதியடியை எடுத்துவிட்டு, டார்ச்சோடு ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையை நுழைத்தார். இரண்டே நிமிடம். "ஸ்பிரிங் கொக்கி ஒடஞ்சி, பெடலுக்கு நடுவுல சிக்கினு இருக்கு சார்" என்றார். பிளையரால் இழுத்து எடுத்துக் காட்டினார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. ஒரு முனையில் கொக்கி இருந்தது. இன்னொரு முனையில் இல்லை.

இந்தக் காருக்கான ஸ்பிரிங் கடையில் இல்லை. திண்டிவனம் போய்த்தான் வாங்கி வர வேண்டும். பொழுது விஷயத்தைத் தயங்கித் தயங்கி மகன் சொன்னார். மெக்கானிக் அம்மாவை ஒருமுறை பார்த்தார்.

"சிக்குனது வந்துடுச்சி. இப்ப வண்டி ஓடும். ஒவ்வொரு தடவையும் பெடலைக் கால்ல தூக்கி விட்டுக்கினு, மெதுவா வீட்டுக்குப் போங்க. ஆனா நாளைக்கு வண்டியோட வரணும். காசும் நாளைக்கே குடுங்க."

ஐந்தரைக்கு வீடு. அம்மா வெளிச்சத்திலேயே சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள்

காலையில் வண்டியை எடுத்தார். ஓடியது. கியரும் விழுந்தது. 'ஓடத்தானே செய்யுது, பொங்கல் கழிச்சுப் பார்ப்போம்' என்று மனசு மறுபடியும் ஆரம்பித்தது. வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார்: "நேத்து வேளைக்குச் சாப்பிட்டேன்னா அது அந்தப் பிள்ளையால. வரேன்னு சொல்லிட்டுத்தானே வந்த?"

கடையில் புது ஸ்பிரிங் தயாராக இருந்தது. "வண்டி ஓடுதேண்ணே, இது இல்லைன்னா என்ன ஆகும்?" என்று கேட்டதற்கு மெக்கானிக் விளக்கினார்.

பெடலை அழுத்தும்போது கேபிள் இழுக்கப்பட்டு, ரிலீஸ் பேரிங் போய் பிரஷர் பிளேட்டின் விரல் போன்ற தகடுகளை அழுத்துகிறது. கிளட்ச் பிளேட் பிடி தளர்கிறது. கியர் மாற்ற முடிகிறது. காலை எடுத்ததும் பேரிங்கின் அழுத்தம் முழுசாக விலக வேண்டும். உள்ளே இருக்கும் பெரிய ஸ்பிரிங் பெடலைப் பெரும்பகுதி மேலே தள்ளிவிடும். கடைசிக் கொஞ்ச தூரத்தை இழுத்துப் பிடிப்பதுதான் இந்தச் சின்ன ஸ்பிரிங். அது இல்லையென்றால் பெடல் தன் எடையிலேயே தொங்கும். பேரிங் எந்நேரமும் உரசிக்கொண்டே சுற்றித் தேயும். அழுத்தம் கூடினால் கிளட்ச் பிளேட்டும் வழுக்கிக் கருகும். பிறகு கியர் பாக்ஸை இறக்காமல் வேலை நடக்காது, செலவு ஆயிரக்கணக்கில். கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுபவர்களின் வண்டிக்கும் இதே கதிதான்.

மாற்றும் வேலை அரை மணி நேரம்தான். இன்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டார். எந்தக் கொக்கி எந்தத் துளையில், எந்தப் பக்கம் பார்த்து மாட்ட வேண்டும் என்பதைப் பழைய துண்டை வைத்தே சரிபார்த்தார். காய்ந்துபோயிருந்த பெடல் அச்சைத் துடைத்து கிரீஸ் வைத்தார். அங்குள்ள புஷ் தேய்ந்திருந்தால், புது ஸ்பிரிங் போட்டும் பயனில்லையாம். முதலில் பாடியில் இருக்கும் நிலையான முனையை மாட்டினார். இன்னொரு கொக்கியில் கனமான நைலான் கயிற்றைக் கோத்து இழுத்து, பெடல் துளையில் விட்டார். இழுக்கும்போது முகத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டார். நழுவினால் நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

பிறகு கையால் பெடலை மெல்ல அழுத்திக் காட்டினார். ஆரம்பத்தில் கொஞ்ச தூரம் எதிர்ப்பில்லாமல் போனது. "இதுதான் ஃப்ரீ பிளே. இது இல்லாம கேபிளை இறுக்கிட்டா, ஸ்பிரிங் இருந்தும் பேரிங் தேயும்." அந்த அளவு காருக்குக் கார் மாறும்; வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கும்.

இன்னொன்றும் சொன்னார். ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள காரில் பெடல் மேலே வரவில்லை என்றால், உடனே ஸ்பிரிங்கைக் குறை சொல்லக்கூடாது. ஆயில் கசிந்திருக்கலாம், காற்று புகுந்திருக்கலாம். முதலில் ஆயில் டப்பாவைப் பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங்குக்கும் கூலிக்கும் சேர்த்து, முந்தின நாள் திண்டிவனத்தில் போட்ட பெட்ரோல் காசுகூட ஆகவில்லை.

திரும்பும் வழியில், தீவனூர் தாண்டி ஒரு வேகத்தடை. கிளட்சை அழுத்தி, கியர் மாற்றி, காலை எடுத்தார். பழக்கத்தில் ஷூ நுனி பெடலுக்கு அடியில் போய்த் தேடியது. அங்கே தூக்குவதற்கு ஒன்றும் இல்லை. பெடல் முன்பே மேலே வந்திருந்தது.