பிங்கர்ட்டன்: காலம் தாழ்ந்து வந்த பாராட்டு

வீஸர் என்னும் அமெரிக்க ஆல்டர்நேட்டிவ் ராக் குழுவின் இரண்டாவது இசைத்தொகுப்பு ‘பிங்கர்ட்டன்’. வெளிவந்தது 1996 செப்டம்பரில். இலக்கியம் பேசக் கூடும் எங்களிடையே இந்த இசைத்தட்டைப் பற்றிய பேச்சும் எப்படியோ நுழைந்துவிடும். படைப்பாளி தன் அந்தரங்கத்தைத் திறந்துவைக்கும்போது கேட்பவரின் கடமை என்ன என்ற பழைய கேள்வியை அது ஒவ்வொரு முறையும் எங்கள்முன் வைக்கிறது.

1994இல் வந்த முதல் தொகுப்பு பெருவெற்றி பெற்றது. ரிக் ஒகாசெக்கின் தயாரிப்பில் மெருகேறிய பாடல்கள் அவை. அதன்பின் குழுவின் பாடகர் ரிவர்ஸ் குவோமோ ஹார்வர்டில் மாணவராகச் சேர்ந்தார். காலில் அறுவைச் சிகிச்சை, வலி, தனிமை. புதிய பாடல்கள் பலவும் அங்கு பிறந்தவை. புச்சினியின் ‘மேடம் பட்டர்ஃபிளை’ இசைநாடகத்தில் ஜப்பானியப் பெண்ணை மணந்து கைவிடும் கடற்படை அதிகாரியின் பெயரையே தொகுப்புக்குச் சூட்டினார். குற்றவாளிக் கூண்டில் தாமே ஏறி நின்றார் எனலாம். இம்முறை குழுவினரே தயாரித்தார்கள். கிட்டாரின் கரகரப்பும் குரலின் பிசிறும் அப்படியே விடப்பட்டன.

வரவேற்பு கசந்தது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 19ஆம் இடத்தைத் தாண்டவில்லை. ‘ரோலிங் ஸ்டோன்’ வாசகர்கள் அவ்வாண்டின் மிக மோசமான தொகுப்புகளுள் ஒன்றாக அதைத் தேர்ந்தார்கள். 2001இல் அடுத்த தொகுப்பு வந்தபோது ஒகாசெக் திரும்பியிருந்தார், மெருகும் திரும்பியிருந்தது, குவோமோவின் சொந்த வாழ்க்கை மட்டும் பாடல்களிலிருந்து விலகிவிட்டது. பிங்கர்ட்டனை அவரே அப்போது வெறுத்துப் பேசினார்.

ஆனால் இளைஞர்கள் அதைக் கைக்குக் கை மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எமோ குழுக்கள் பல அதைத் தம் மூலநூலாகக் கொண்டன. 2004இல் அதே ரோலிங் ஸ்டோன் ஐந்து நட்சத்திரம் வழங்கியது. 2010இல் குழு முழுத்தொகுப்பையும் மேடையில் வாசித்தது.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. சில பாடல்களில் பெண்களை அவர் பார்க்கும் பார்வை இன்றும் நெருடுகிறது. ஜப்பானிய ரசிகை ஒருத்தியின் கடிதத்திலிருந்து பிறந்த பாடலில் ஏக்கமும் சுயநலமும் பிரிக்க இயலாதபடி பின்னிக் கிடக்கின்றன. அதை அவர் மறைக்கவில்லை என்பதே அதன் மதிப்பு. மனம் திறந்தவரை மன்னிக்க வேண்டியதில்லை. இறுதிவரை கேட்டால் போதும். அன்று கேட்டிருந்தால் அவர் அடுத்து எழுதியிருக்கக்கூடிய பாடல்களை, பின்னர் வந்த எந்த நட்சத்திரமும் மீட்டுத் தரப்போவதில்லை.