கயிறும் கடாவும்

நம்ம ஊர்ல கயிற்றுக்கும் சாதி உண்டு. தெற்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே இவன் இன்ன சாதி என்று சொல்லிவிடுவார்கள். 2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது.

எங்க காட்டுப்பாக்கத்தில், பூந்தமல்லி ரோட்டோர டீக்கடையில் கிளாசைப் பிடித்து நிற்கும் பஞ்சாப் லாரிக்காரர் மணிக்கட்டிலும் ஒரு வளையம். கடா. வெறும் இரும்பு. பண்ணைக்காரனுக்கும் தோட்டிக்கும் அதே இரும்புதான்.

1699இல் குரு கோவிந்த் சிங் ஆனந்த்பூரில் தலை கேட்டபோது எழுந்த ஐந்து பேரில் தண்ணீர் சுமக்கிறவர், துணிக்கு அச்சடிக்கிறவர், நாவிதர் இருந்தாங்க என்கிறது சீக்கிய மரபு. ஐந்து பேரும் ஒரே பாத்திரத்தில் அமுதம் குடித்தார்கள். எல்லோருக்கும் ‘சிங்’ என்று ஒரே பேர். வெட்டாத முடி, சீப்பு, கடா, குறுவாள், அரைக்கச்சை என்று ஐந்து அடையாளம்.

இங்கே 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிக்கசாதியார் நம்ம சனங்களுக்குப் போட்ட தடை என்ன? நகை போடாதே, சட்டை போடாதே, முடி வெட்டாதே, குடை பிடிக்காதே, செருப்பு மாட்டாதே. சாதி தன் சட்டத்தை எழுதினது நம்ம உடம்பு மேலதான். அதே உடம்பில் தலைப்பாகையும் வாளும் ஏறினால் சும்மாவா?

நிறத்துக்கும் அரசியல் இருக்கு. நிகாங்குகள் உடுத்துவது நீலம். நம்ம கொடியும் நீலம். குருத்வாராக் கொடி காவியாக இருக்கக் கூடாது, வசந்த மஞ்சளோ சாம்பல் நீலமோதான் வேணும் என்று 2024இல் சிரோமணி குருத்வாரா கமிட்டி சுற்றறிக்கை விட்டது. காவி எதை விழுங்கும்னு அவங்களுக்கும் தெரியும்.

ஆனாலும் பஞ்சாபில் பல கிராமங்களில் மஜ்பி சீக்கியருக்குத் தனிக் குருத்வாரா, தனிச் சுடுகாடு. 1675இல் குரு தேக்பகதூரின் வெட்டுண்ட தலையை டெல்லியிலிருந்து சுமந்து வந்த பாய் ஜைதா அவர்கள் இனத்தார். 1920இல் பொற்கோயில் பூசாரிகள் தலித்துகளின் பிரசாதத்தை வாங்க மறுத்தாங்க. கூட்டமாக நின்று கேட்ட பிறகுதான் வாங்கினாங்க. 1936இல் அமிர்தசரஸ் சீக்கிய மாநாட்டுக்குப் போன அம்பேத்கர், 1956இல் புத்தரிடம் போனார்.

கயிற்றை அறுத்தே ஆகணும். அதுக்கப்புறம் கையில் எது ஏறினாலும் நான் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: அந்தக் கை செத்தால் எந்தச் சுடுகாட்டுக்குப் போகும்?