இரண்டு மணித்தியாலமும் இரண்டு கிழமையும்



ஓகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளைகளையும் கொண்டு புத்தளம் போகப்போகிறோம் என்று சொன்ன நாளிலிருந்து வல்வெட்டித்துறையில் எனக்குக் கிடைக்கும் புத்திமதி ஒன்றேதான். "ரீச்சர், இரவு பத்து மணிக்கு ஒரு வானைப் பிடிச்சு வெளிக்கிடுங்கோ. பிள்ளையள் நித்திரை கொண்டிடுங்கள். விடிய அங்க நிப்பீங்கள்." பாடசாலையில் சொன்னார்கள், சந்தையில் சொன்னார்கள், வீட்டுக்கார அன்ரியும் சொன்னா. எல்லாம் அன்பில் சொன்னது. ஆனாலும் நாங்கள் பகலில்தான் போகிறோம், அதுவும் இரண்டு நாளாகப் பிரித்து. ஏன் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. சின்னப் பிள்ளைகளுடன் தூரப் பயணம் போகிற வேறு தாய் தகப்பன்மாருக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் மூத்தவளுக்கு மூன்று வயது. சின்னவனுக்கு எட்டு மாதம். இங்கிருந்து நெல்லியடி, வரணி, கொடிகாமம் என்று போய் ஏ9 பிடித்து, வவுனியா, மதவாச்சி, அநுராதபுரம் தாண்டிப் புத்தளம் சேரக் கிட்டத்தட்ட 270 கிலோமீற்றர். பூநகரியால் மன்னார் போகும் வழியும் உண்டு. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு அது நல்ல வழிதான். ஆனால் அந்த றோட்டில் நீண்ட தூரத்துக்குக் கடையும் இல்லை, ஆட்களும் குறைவு. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு நடுவில் ஆஸ்பத்திரியும் மலசலகூடமும் உள்ள வழியே நல்லது. அதனால் ஏ9.

இப்போது இரவுப் பயணத்துக்கு வருகிறேன். வானுக்குள் எல்லோரும் நித்திரை கொள்ளலாம், ஒருவரைத் தவிர. மனித உடம்பு எவ்வளவு பழகினாலும் இரவு இரண்டு மணிக்கும் விடிய ஐந்து மணிக்கும் இடையில் தூக்கத்தைத்தான் தேடும். எங்கள் ஊரில் வான் ஓடும் தம்பிமாரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டுச் சொந்தங்களை ஏற்றி இறக்கக் கட்டுநாயக்காவுக்குப் போய், வந்த கையோடு அடுத்த ஹயருக்கு ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், சீசனில் உழைத்தால்தான் உண்டு. ஆனால் வாகனம் பேசும்போது காசைக் கேட்பதற்கு முதல், "தம்பி, நேற்றிரவு எங்க ஓடினீங்கள்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும்.

இன்னொன்று, அநுராதபுரத்தில் இருந்து புத்தளம் போகும் வழியில் கருவலகஸ்வெவப் பக்கம் காட்டு யானைகள் இருக்கும் இடம். இருட்டில் றோட்டுக்கு ஏறும் யானை, லாம்பு வெளிச்சத்தில் கிட்டப் போகும்வரை தெரியாது. பகலில் அந்த இடத்தைத் தாண்டுவது பயத்தால் அல்ல, கணக்கால்.

அடுத்தது மடி. பிள்ளைக்குத் தாயின் மடியைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை என்று வளர்ந்தவர்கள் நாங்கள். வீட்டில் அது உண்மை. ஓடும் வாகனத்தில் உண்மை இல்லை. 50 கிலோமீற்றர் வேகத்தில் போகிற வாகனம் எதிலாவது மோதி நின்றால், 10 கிலோ பிள்ளை ஒரு கணத்துக்குச் சில நூறு கிலோ பாரத்துக்குச் சமமான விசையோடு முன்னுக்குப் பாயும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்து வைக்காது. பாசம் குறைந்தல்ல, பௌதிகம் அப்படி. தாயும் பிள்ளையும் ஒரே பெல்ட்டுக்குள் இருந்தால் இன்னும் மோசம், தாயின் பாரமும் சேர்ந்து பிள்ளையை நசுக்கும்.

அதனால் பேபி சீற். புதிது வாங்க எங்கள் சம்பளம் இடம் கொடுக்காது. ஆனால் நமது ஊரில் கனடா, இலண்டன் சொந்தங்கள் விடுமுறைக்குக் கொண்டுவந்து விட்டுப்போன சீற்றுகள் எத்தனை வீட்டு அலுமாரிக்கு மேல் கிடக்கின்றன! எங்களுக்கும் அப்படி ஒன்று கிடைத்தது. இரவல் எடுக்கிறவர்கள் மூன்று விஷயம் பாருங்கள். அது விபத்தில் அகப்பட்டதா என்று கொடுப்பவரிடம் கேளுங்கள். அடியில் அல்லது பின்பக்கம் அச்சடித்திருக்கும் காலாவதித் திகதியைப் பாருங்கள். பட்டியும் கொழுவியும் இறுகப் பிடிக்கின்றனவா என்று இழுத்துப் பாருங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளை வாகனத்தின் பின்பக்கத்தைப் பார்த்தபடி, பின் ஆசனத்தில் இருக்க வேண்டும். எயார் பாக் உள்ள முன் ஆசனத்தில் அப்படி வைக்கவே கூடாது. உங்கள் அலுமாரிக்கு மேல் நல்ல சீற் ஒன்று சும்மா இருந்தால், தேவைப்படுகிற ஒரு வீட்டுக்குக் கொடுத்து உதவுங்கள்.

எந்தப் பக்கம் பூட்டுவது என்பதும் யோசிக்க வேண்டியதே. காலையில் ஏ9 இல் தெற்கு நோக்கி ஓடும்போது வெயில் இடது பக்கத்தால் வரும். ஆகவே சின்னவன் வலது பக்கம், சாரதிக்குப் பின்னால். மூத்தவள் இடது பக்கம், கண்ணாடிக்கு ஒரு வெள்ளைத் துணி. நடுவில் நான்.

பயணத்தை இப்படி வெட்டியிருக்கிறோம். காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் ஏழேகாலுக்கு ஆனையிறவு. அங்கே கால் நீட்டி, தண்ணீரில் நிற்கும் பறவைகளையும் உப்பளத்தையும் மூத்தவளுக்குக் காட்டி, சின்னவனுக்குப் பால். அடுத்தது முறிகண்டி. பிள்ளையார் கோயிலில் வாகனத்தை நிறுத்தாமல் போகிறவர்கள் குறைவு. எங்களுக்கு அங்கே கச்சானும் மலசலகூடமும். (கச்சான் பெரியவர்களுக்கு மட்டும். மூன்று வயதுக்காரிக்கு ஓடும் வாகனத்தில் முழுக் கச்சான் கொடுத்தால் தொண்டையில் சிக்கும்.) பத்தரை, பதினொரு மணிக்கு வவுனியா. அன்று அங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்கல். மறுநாள் காலை அநுராதபுரத்தில் ஒரு நிறுத்தம், பிறகு வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கப் புத்தளம். லுஹருக்கு முன் உம்மா வீடு.

"270 கிலோமீற்றருக்கு இரண்டு நாளா?" என்று சிரித்தார்கள். கைக்குழந்தையை ஒரே இருக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து வைக்க வேண்டாம் என்று பிள்ளை வைத்தியர்கள் சொல்கிறார்கள். குனிந்த தலையோடு நீண்ட நேரம் இருந்தால் மூச்சு இறுகும். சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் இன்றைக்கு இவ்வளவு தூரம், இந்த இடத்தில் தங்கல் என்றுதானே போகிறார்கள்? இந்த ஊரில் கட்டிய அன்னபூரணிக் கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்ததும் துறை துறையாகத் தங்கித்தான். தூரத்தைத் துண்டாக்குவது வல்வெட்டித்துறைக்கு நான் சொல்லித்தர வேண்டிய பாடம் அல்ல. எங்கள் மார்க்கத்திலும் பயணிக்குத் தொழுகையைச் சுருக்கவும் சேர்க்கவும் சலுகை இருக்கிறது. கடமையான தொழுகையிலேயே பயணியின் களைப்புக்கு இடம் வைத்திருக்கும்போது, எட்டு மாதப் பிள்ளைக்கு நாங்கள் ஒரு நாள் கொடுக்கக் கூடாதா?

இந்தத் திட்டத்தைப் போனில் உம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தா. முடிவில், "இரண்டு கிழமையாவா யோசிக்கிறீங்க மகள்? எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் தந்தாங்க" என்று சொன்னா.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணம் சோனகதெருவில் இருந்த எங்கள் சனங்களை ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்ன நாள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதும் இருந்து வெளியேறியவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். ராத்தாவுக்கு அப்போது ஒன்றரை வயது. நான் பிறக்கவில்லை, பிறகு புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் பிறந்தவள். உம்மா அன்றைக்கு எடுத்தது ஒரு துவாய், இரண்டு சட்டை, ஒரு பால் போத்தல், சரையில் கொஞ்சம் சீனி. லொறியிலும் கால்நடையாகவும் வவுனியா வந்து சேரும்வரை ராத்தாவை இடுப்பை விட்டு இறக்கவில்லை.

இதை எழுதுவதால் யாருடைய மனதையும் நோகடிக்க எனக்கு எண்ணமில்லை. இதே ஒக்டோபர் 30 ஆம் திகதி, சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 இல் வலிகாமச் சனம் முழுவதும் ஒரே இரவில் கைக்குழந்தைகளோடு மழைக்குள் நடந்தது. தென்மராட்சிக்கும் இந்த வடமராட்சிக்கும் வந்தார்கள். அப்போது வீட்டு விறாந்தையைத் திறந்துவிட்ட அம்மாமார் இந்தப் பதிவை வாசிப்பவர்களிலும் இருப்பார்கள். கிளாலிக் கடலில் இருட்டில் வள்ளம் ஏறியவர்களும், பிள்ளை அழக்கூடாதே என்று வாயைப் பொத்தியவர்களும் இருப்பார்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 மூடியபோது அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பிரிந்து நின்றவர்களும் இருப்பார்கள். எங்கள் இரண்டு சனங்களுக்கும் பிள்ளைகளோடு தூரம் போவது என்றால், பல காலம் அது திட்டம் போடாமல் ஓடியதுதான்.

"பயணத்துக்கு என்ன யோசனை, அல்லா காப்பாத்துவான், வெளிக்கிடுங்கோ" என்றும், "எங்கட காலத்தில பேபி சீற்றா இருந்தது?" என்றும் பெரியவர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. அவர்கள் அப்படித்தான் தப்பிப் பிழைத்தார்கள். ஆனால் தப்பிப் பிழைத்த முறையே பயணம் செய்யும் முறையாகிவிட வேண்டியதில்லை. யோசிக்க இரண்டு கிழமை கிடைத்திருப்பது ஒரு நிஃமத். அதைப் பயன்படுத்தாமல் விடுவது நன்றிகேடு என்று எனக்குப் படுகிறது.

உம்மாவிடம் கேட்டேன், அன்றைக்கு இன்னும் ஒரு சாமான் எடுத்திருக்கலாம் என்றால் எதை எடுத்திருப்பீர்கள் என்று. யோசிக்கவே இல்லை. "தண்ணி, மகள். எல்லாத்துக்கும் முதல் தண்ணி."

ஆகவே எங்கள் பட்டியல் தண்ணீரில் தொடங்குகிறது. கொதித்தாறிய தண்ணீர் ஐந்து லீற்றர், சுடுதண்ணிப் போத்தல் ஒன்று. ஜீவனி நான்கு பக்கற். ஒரு பக்கற்றை ஒரு லீற்றரில் முழுதாகக் கரைக்க வேண்டும், பாதி பாதியாகப் போட்டால் அளவு பிழைக்கும். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்குப் பிறகு ஊற்றிவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு வெயில் என்றாலும் தாய்ப்பால் போதும், தண்ணீர் வேண்டாம். அடிக்கடி கொடுங்கள், அவ்வளவுதான்.

பம்பர்ஸ் கணக்குக்கு மேல் ஆறு. சத்திப் பை நான்கு. வாகனத்தில் சத்தி வருவது இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் கூட. அதனால் மூத்தவளுக்கு வெளிக்கிட முதல் பால் இல்லை, இரண்டு மாரி பிஸ்கற் மட்டும். ஓடும்போது போனும் இல்லை. குனிந்து திரையைப் பார்த்தால் பிரட்டும், வெளியே தூரத்தைப் பார்த்தால் குறையும். மாடு எத்தனை, பனை எத்தனை என்று எண்ணுவோம். பனை பளை வரைக்கும் போதும், பிறகு மாடுதான். மத்தியானத்துக்குப் புட்டு, அவித்த முட்டை, கதலி வாழைப்பழம்.

காய்ச்சல் மருந்து பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அளவில், அளக்கும் சிரிஞ்சோடு. இரண்டு பிள்ளைகளின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடுகளும் பையின் மேல் அறையில். வழியில் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும் ஊசியும் நிறையும் அதில் இருக்கும். தடிமலுக்குக் கொடுக்கும் தூக்க சிரப்பைப் "பிள்ளை அழாமல் வரட்டும்" என்று கொடுக்கும் பழக்கம் சில வீட்டில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அது மூச்சையே அமுக்கும். அழட்டும். அழுதால் நிறுத்தி எடுப்போம்.

நிறுத்தும்போது இன்னொன்று. "ஒரு நிமிசம், சோடா வாங்கிக்கொண்டு வாறன்" என்று பிள்ளையைப் பூட்டிய காருக்குள் விட்டுப் போகாதீர்கள். நிறுத்திய வாகனத்துக்குள் பத்தே நிமிடத்தில் கிட்டத்தட்ட பத்துப் பாகை சூடு ஏறும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் அது பெரிதாகக் குறையாது.

கடைசியாக, போனில் ஒரு இலக்கம். சுவசெரிய இலவச அம்புலன்ஸ். 2018 இல் இருந்து வடக்கிலும் ஓடுகிறது. எந்த இடத்தில் நின்றும் அழைக்கலாம். இலக்கம் 1990. உம்மாவுக்கு அதைச் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "மறக்க மாட்டேன்" என்றா.

முழங்கால் வலியால் உம்மாவுக்கு இங்கே வர முடியாது. சின்னவனை இன்னும் கையில் தூக்கவில்லை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வெளிக்கிடுகிறோம், இன்ஷா அல்லாஹ். வவுனியாவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையில் பால் கொடுக்க மறைவான, சுத்தமான இடம் தெரிந்தவர்கள் கொமென்ற்றில் சொல்லுங்கள், வேறு தாய்மாருக்கும் உதவும். எங்களுக்காகத் துஆ செய்யுங்கள். சந்நிதிக்குப் போகிறவர்கள் எங்களுக்கும் ஒரு கும்பிடு போடுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.