அரிக்கன்சட்டியும் தங்கமும்

ஃபோல்சம், கலிஃபோர்னியா

அன்புள்ள கோபால்,

மகள் வீட்டில் அடைந்து கிடக்கிறேன் என்று போன கடிதத்தில் புலம்பியிருந்தேன் அல்லவா? போன சனிக்கிழமை மாப்பிள்ளை எங்களையெல்லாம் காரில் ஏற்றிக் கொலோமாவுக்குக் கூட்டிப் போனார். முக்கால் மணி நேரப் பயணம். அமெரிக்கன் ஆற்றின் தென்கிளைக் கரையில் சின்ன ஊர். பாதி ஊர் மாநிலப் பூங்கா.

1848 ஜனவரி 24 அன்று, சட்டர் என்பவருக்காக இங்கே மரம் அறுக்கும் ஆலை கட்டிக்கொண்டிருந்த ஜேம்ஸ் மார்ஷல், ஆலையின் வடிகாலில் ஏதோ மினுங்கக் கண்டார். கல்லில் வைத்துத் தட்டினால் உடையவில்லை, தட்டையானது. ஆனாலும் சந்தேகம். ஆலை ஆட்களுக்குச் சமைத்துப்போட்ட ஜென்னி விம்மர் அப்போது சோப்புக் காய்ச்சிக்கொண்டிருந்தாராம். கிடைத்த கட்டி ஒன்றைச் சாம்பல் காரம் கொதிக்கிற அண்டாவில் போட்டார். மறுநாள் துழாவி எடுத்தால் நிறம் துளிகூட மங்கவில்லை. உரைகல்லுக்கு எங்கே போவது, அந்தக் காட்டில்?

அப்புறம் சில வருடங்களில் தங்கம் தேடிக் கலிஃபோர்னியாவுக்குச் சுமார் 3 லட்சம் பேர் வந்து குவிந்தார்கள். ஆனால் ஊரின் பெயர் வந்தவர்கள் வைத்ததல்ல. நிசெனான் பழங்குடியினரின் குல்லுமாதான் கொலோமா ஆனது. அவர்களுடைய பெண்கள் ஓக் கொட்டை இடித்த குழிகள் பாறையில் இன்னும் இருக்கின்றன, நம் உரல்குழி மாதிரியே. ஒன்றில் கையை விட்டுப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. கலிஃபோர்னியாவில் சுமார் ஒன்றரை லட்சமாக இருந்த பழங்குடியினர், 1870 வாக்கில் 30,000 ஆகச் சுருங்கிப்போனார்கள். நோய், பட்டினி, கொலை. பேத்திக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பேச்சை மாற்றினேன்.

காசு கட்டினால் தொட்டி மணலில் தங்கம் அரிக்கலாம். தட்டின் ஒரு பக்கம் வரிவரியாகப் பள்ளம். பார்த்ததுமே என் மனைவி சாந்தா, "அட, இது அரிக்கன்சட்டியில்ல!" என்றாள். மாப்பிள்ளை குலுக்கிய குலுக்கலில் மணலோடு எல்லாமே போயிற்று. சாந்தா தட்டைச் சாய்த்து, தண்ணீரை ஒரு சுற்று சுற்றி, மேல்மணலை மட்டும் வழியவிட்டாள். நாற்பது வருடம் அரிசியில் கல் அரித்த கை! கடைசியில் கறுப்பு மணல் மட்டும் மிஞ்சியது. அதன் ஓரத்தில் ஊசிமுனை அளவு மஞ்சள், இரண்டு. அரிசி அரிக்கும்போது அடியில் தங்குவதைக் கொட்டிவிடுவோம். இங்கே அடியில் தங்குவதுதான் சரக்கு. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பாட்டி தன் தட்டையும் இவளிடம் நீட்டிவிட்டார்.

குன்றின்மேல் மார்ஷலுக்குச் சிலை. தங்கம் கிடைத்த இடத்தை விரல் நீட்டிக் காட்டுகிறார். மனுஷர் கையில் காசில்லாமல் 1885-இல் செத்தார். சிலை வந்தது 1890-இல். வெயிலில் அவ்வளவு தூரம் ஏறியிருக்க வேண்டாம், என் முழங்கால் இன்னும் திட்டுகிறது.

இரண்டு துகளும் ஒரு சின்னப் புட்டியில் பேத்தியின் மேஜைமேல் இருக்கின்றன. ஒரு உதவி: உங்கள் வீட்டுப் பரணில் உன் அம்மாவின் அரிக்கன்சட்டி கிடக்கும். பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டுவிடாதே. பேத்திக்கு வேண்டுமாம்.

உன்,
ராமநாதன்