இறக்கத்துக்கு முன்

விடிந்தும் விடியாத நேரம். சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் மீன் கூடைகள் இறங்குகின்றன. வெளியே பத்து பழைய யெஸ்டி மோட்டார் சைக்கிள்கள். மைசூரில் 1961இல் தொடங்கி 1996இல் மூடப்பட்ட ஐடியல் ஜாவா ஆலையின் வாரிசுகள். உதிரிபாகம் வேண்டுமானால் இந்தப் பேட்டையின் பழைய சாமான் கடைகளைத்தான் குடைய வேண்டும்.

உருது வாடையடிக்கும் தமிழில் எச்சரிக்கிறார் கிழ மெக்கானிக்: "ஏறும்போது வண்டி பாத்துக்கும் தம்பி. இறங்கும்போது நீதான் பாத்துக்கணும்."

அதில் விஷயம் இருக்கிறது. ஷிமோகா, தீர்த்தஹள்ளி வழியாக ஆகும்பே சுமார் 350 கி.மீ. ஆண்டுக்கு 7,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டும் ஊர். 'மால்குடி டேஸ்' தொடரை சங்கர் நாக் எடுத்தது இங்கேதான். வானம் தெளிந்திருந்தால் உச்சியிலிருந்தே அரபிக்கடலில் சூரியன் விழுவதைப் பார்க்கலாம். பிறகு உடுப்பிப் பக்கம் 14 கொண்டை ஊசி வளைவுகள். கனரக வண்டிகளுக்கு அனுமதி இல்லாத பாதை.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடியே வைத்தால் எண்ணெயும் குறையும். பிஸ்டன் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். பிரேக்கையே நம்பினால் டிரம் சூடேறிப் பிடி தளரும். எனவே அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு. கூட்டத்தில் இன்னொரு வில்லங்கம்: முன்னால் போகிறவரின் வேகம் பின்னால் வருபவருக்கு ரோஷமாகிவிடும். அதனால் புதியவர்கள் முன்னே, கைதேர்ந்தவர் கடைசியில்.

பத்தில் ஒரு வண்டிக்கு பிரேக் ஷூ தேய்ந்திருக்கிறது. மெக்கானிக் தலையாட்டுகிறார். கடைகள் திறக்க இன்னும் நேரமாகும். ஒன்பது வண்டிகள் நீலப் புகை கக்கிக் கிளம்புகின்றன. பத்தாவது ஆள் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு மீன் வாங்க மார்க்கெட்டுக்குள் நுழைகிறார்.