பெயரிடுவது எப்படி?

பாலையும் நீரையும் பிரித்தறியும் அன்னம் என்பார்கள். சென்ற ஆண்டு எங்கள் பாடற்குழுவில் நாங்கள் எல்லோருமே அன்னங்கள்தான்! இது கீர்த்தனை, இது மேனாட்டுப் பாட்டு, இது கிராமத்துப் பாட்டு என்று பிரித்துக்கொண்டேயிருந்தோம். கும்மிப் பாட்டுப் போலக் குரலெடுத்துப் பாடும் தோழி ஒருத்தியிடம், "உன் குரல் எங்களோடு ஒட்டவில்லை" என்றும் சொல்லிவிட்டோம். மறுநாள் முதல் அவள் பயிற்சிக்கு வரவில்லை.

அந்த வாரம் எங்களில் ஒருத்தி, தன் தந்தை பத்திரப்படுத்தியிருந்த ஒலிநாடா ஒன்றைக் கொண்டுவந்தாள். இளையராஜா 1986-இல் வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்' அது, திரைப்படத்துக்காக அமைத்ததன்று. 'பெயரிடுவது எப்படி' என்பது அதன் பொருள். ஜெர்மனி நாட்டுப் பாக்குக்கும் திருவையாற்றுத் தியாகராஜருக்கும் அதனைக் காணிக்கையாக்கியிருக்கிறார். பாக் மறைந்தது 1750-இல். தியாகராஜர் பிறந்தது 1767-இல். மண்ணில் சந்திக்காத இருவர் அந்த வயலின்களில் சந்திக்கிறார்கள்!

இசை கற்பிக்கும் சகோதரி எங்களுக்குப் 'ஃபியூக்' முறையை விளக்கினார். ஒரு குரல் தொடங்கும்; அதே மெட்டை அடுத்த குரல் பின்தொடரும்; ஒன்று மற்றொன்றை அடக்காது. வயலினே மேனாட்டுக் கருவிதான் என்றும், பாலுசாமி தீட்சிதர் அதனைக் கற்று நம் இசைக்குக் கொணர்ந்தார் என்றும் கூறினார். நாங்கள் தினமும் வாசிக்கும் ஹார்மோனியமும் கடல் கடந்து வந்ததே என்றபோது வியந்தோம்.

ஒலிநாடா தந்த தோழியின் தந்தை பட்டாசு ஆலையில் மருந்து கலப்பவர். "கலந்தால் கெட்டுப்போகாதா?" என்று அவரிடம் கேட்டோம். "கலக்கிறதிலே தப்பில்லை தாயி. ஒவ்வொண்ணோட குணமும் தெரிஞ்சு கலக்கணும். ஸ்ட்ரான்ஷியம் சிவப்பைத் தரும், செம்பு நீலத்தைத் தரும். எதையும் மட்டம்னு ஒதுக்க முடியாது" என்றார்.

எங்களுக்குச் சுருக்கென்றது. பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணனோடு ஊர் ஊராகப் பாடிய இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்றார். அதற்காகக் கிராமத்துக் குரலை அவர் விட்டுவிடவில்லையே! நாங்களோ ஒரு குரலையே விரட்டிவிட்டோம்.

அன்று மாலையே தோழியின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். "இப்போ மட்டும் ஒட்டுமா?" என்றாள். "நீ தொடங்கு, நாங்கள் பின்னால் வருகிறோம்" என்றோம்.

ஆண்டு விழாவில் மாதா பாடலைக் கும்மி மெட்டில் அவள் தொடங்கினாள். ஹார்மோனியத்துடன் நாங்கள் ஒவ்வொருவராகப் பின்தொடர்ந்தோம். "இது என்ன வகைப் பாட்டு?" என்று பெற்றோர் சிலர் கேட்டனர். பெயர் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. பாடிய குரல்களில் ஒன்றும் குறையவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

— பாடற்குழு மாணவியர்